பீடர் லைன் எடுத்திருக்கு

இல்லீங்க அம்மணி, நீங்க எழுதிப் படிச்சுக் காட்டுனதுல ஒரே ஒரு வார்த்தையை மட்டும் அடிச்சுப்போடுங்க. கவனக்குறைவுன்னு ஒண்ணு போட்டிருக்கீங்கல்ல, அதைய. அதைய அடிச்சுப்போட்டீங்கன்னா மத்ததுக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன். அதை வெச்சுக்கிட்டுப் போடுன்னா எப்படிங்க போடறது? காளிச்சாமி பொண்டாட்டி பொன்னாத்தாளே ஒத்துக்கிட்டா, அவ புருசன் கவனமில்லாமத்தான் மெசினுக்குள்ள கையை உட்டுச் செத்தான்னு. அப்படித்தானுங்க அதுக்கு அர்த்தம்?

அந்தச் சேர்ல துணி கெடக்குது, இக்கட்ட உக்காருங்க. மோர் குடிக்கறீங்களா? குடிப்பீங்களா எங்கூட்டுல? சரிங்க, சந்தோசம். மேனேஜர் கிருபாசங்கர் துக்கத்துக்கு வந்தப்ப இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன்னுட்டாரு. மாலை போட்டாரு, போட்டோ எடுத்துக்கிட்டாங்க, காளிச்சாமி எங்க குடும்பத்துல ஒருத்தருன்னு சொன்னாரு. குடும்பத்துல ஒருத்தருன்னா உங்கூட்டுல எந்த வட்டல்ல அவருக்குச் சோறு போடுவீங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கலீங்க. வாங்க சார்னேன், போயிட்டு வாங்க சார்னேன். அவ்வளவுதான்.

நீங்க மில்லு ஆளு இல்லைங்கறீங்க. வெளிய இருந்து வந்து பைல் எழுதிக் குடுக்கற ஆளு. சரிங்க. ஒரு மெசினை மாத்துனா, அதுல புதுசா என்ன ஆபத்து வந்திருக்குது, கரண்டு எங்கிருந்து வருது, எப்படி நிறுத்தோணும்னு எல்லாத்தையும் மறுக்கா எழுதோணும். ஒயரு போற படத்தைத் திருத்தோணும். அதுல வேலை செய்யறவனைக் கூப்புட்டு வெச்சுச் சொல்லிக் குடுத்து அவன்கிட்டக் கையெழுத்து வாங்கோணும். இப்பத்தான் சொன்னீங்க, எனக்கு நல்லாவே புரிஞ்சுதுங்க. எப்ப பண்ணோணுமாம் அதையெல்லாம்? ஓட்டறதுக்கு முன்னாடியா, ஓட்டி ஆளு செத்ததுக்கு அப்பறமா?

முன்னாடி. ம்ம். அப்ப நீங்க நெம்ப லேட்டாத்தான் வந்திருக்கீங்க அம்மணி.

கோவிச்சுக்காதீங்க. உங்களைச் சொல்லி என்ன பண்றது? கூப்புட்டாத்தான வருவீங்க.

அந்த மெசினைப் பாத்துட்டுத்தான வந்தீங்க? கழிவுப் பஞ்சு மெசினு. நானும் கொஞ்ச காலம் அங்க கூட்டிப் பெருக்கப் போனவதான், பஞ்சு தூசில மூச்சு எளைக்குதுன்னு நின்னுட்டேன். அப்பெல்லாம் பஞ்சைக் கையில அள்ளித்தான் குடுக்கோணும். உள்ள ஆணி வெச்ச உருளை சுத்திப் பிரிச்சுப்போடும். பஞ்சு சிக்கிச்சுன்னா மெயின் சுவிட்சை அணைச்சுப்போட்டு, மூடியைத் தொறந்து கையில புடுங்கி எடுப்பாங்க. ஒரே சுவிட்ச். அதைய அணைச்சா மொத்தமும் நின்னுரும். தமிழ்ல தகடே அடிச்சு வெச்சிருக்கும், மெயினை அணைத்த பின் மூடியைத் திறக்கவும்னு. எங்கூட்டுக்காரரு வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து அப்படித்தான் பண்ணுனாரு.

அப்பறம் வேகம் பத்தலைன்னு பீடர்னு ஒண்ணைக் கொண்டாந்து முன்னாடி சேத்துனாங்க. பஞ்சை மொத்தமாக் கொட்டி உட்டாப் போதும், அதுவே உருளையில புடிச்சு உள்ள தள்ளிக்கும். கண்ணாட்ட ஒண்ணு வெச்சிருக்காங்க அதுல. பஞ்சு கொறைஞ்சுதுன்னா அதுக்குத் தெரிஞ்சுரும், யாரும் சுவிட்ச் போட வேண்டியதில்லை, அதுபாட்டுக்கு ஓட ஆரம்பிச்சுரும். ஓட்டிப் பாக்கறதுக்குன்னு சொல்லி, பக்கத்து மெசின் கரண்டுப் பொட்டில இருந்து ஒரு ஒயரை இழுத்துத் தரையோட போட்டு அதுக்குக் கரண்டு குடுத்தாங்க. அப்ப பாத்துக்கோங்க, இந்த மெசின் மெயினை அணைச்சாலும் பீடருக்கு உசுரு இருக்கும். தகட்டை மாத்துனாங்களா? இல்லை. படத்தை? அதும் இல்லை. பூசை மட்டும் போட்டாங்க. சந்தனம் பூசி, குங்குமம் வெச்சு, பூசணிக்கா ஒடைச்சு, ஆளுக்கொரு பொட்டலம் பொரி கடலை. அந்தப் போட்டோ ஆபீஸ்ல மாட்டியிருக்கும், போனாப் பாருங்க, ஓரத்துல கையைக் கட்டிட்டு நிக்கறாரு. பூசை போட்டதுக்கு மட்டும் உங்களுக்கு நல்லா ஆதாரம் இருக்குது.

அப்படியும் அவருக்கு ஒண்ணும் ஆகலீங்க. ஏன்னா ஒயரு கண்ணு முன்னாடி கெடந்துச்சு. அது எங்கிருந்து வருதுன்னு பாத்து வெச்சுக்கிட்டு, சிக்குனா ரெண்டு பக்கமும் அணைச்சுப்போட்டுத்தான் மூடியைத் தொறப்பாரு. ஆரும் சொல்லிக் குடுக்கலை. சுத்தி வந்து ரெண்டையும் அணைக்கறதுக்குள்ள மேஸ்திரி கத்துவானாம், என்ன காளிச்சாமி கோயிலு சுத்தறியான்னு. கத்துனாக் கத்தட்டும்னு சுத்துவாராம். அந்த மனுசனுக்குத்தான் நீங்க கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்க.

அட கெரகமே. குடித்தனம் பண்ணுனவ நானு. கேஸ் சிலிண்டரை நான் அணைச்சாலும் அவரு போயி ஒருக்காத் தொட்டுப் பாத்தாத்தான் தூக்கம் வரும். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டா ஆட்டிப் பாக்காம நகர மாட்டாரு. படிப்பு எட்டாவதோட நின்னு போச்சு, ஆனா எழுத்துன்னு ஒண்ணு கண்ணுல பட்டா உடமாட்டாருங்க. வடை மடிச்சுக் குடுத்த காயிதத்தை எண்ணெயோட விரிச்சு வெச்சுப் படிப்பாரு. துடியலூர்ல சந்தைக்குப் போனா, நான் பையைத் தூக்கிட்டு முன்னாடி போயிருவேன், இவரு செவுத்துல இருக்கற கண்ணீர் அஞ்சலி நோட்டீசை ஒவ்வொண்ணா நின்னு படிச்சுட்டு வருவாரு. வந்து என்கிட்ட, பாவம் புள்ளை, நம்மளை விடச் சின்ன ஆளும்பாரு. ஏனுங்க, செத்தவனுக பேரைப் படிச்சு நமக்கு என்ன ஆகப்போகுதும்பேன். எழுதி ஒட்டியிருக்கறது படிக்கத்தானம்பாரு.

பெரிய நல்ல மனுசன்னு சொல்லலீங்க. வீம்புன்னா அப்பேர்ப்பட்ட வீம்பு. எங்களுக்கு ஒரே பையன், எழில்னு பேரு. மில்லு ஆஸ்டல்ல இருந்த வடக்கத்திப் புள்ளை, நேஹான்னு, அதையக் கட்டிக்கிட்டான். தங்கமான புள்ளைங்க. என்னைய அத்தைன்னுதான் கூப்புடுது, சண்டை போடற அளவுக்குத் தமிழ் பேசுது. ஆனா இவரு, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமப் பண்ணிப்போட்டான்னு சொல்லிப் பேச்சையே நிறுத்திப்போட்டாரு. அவன் வேற ஊடு பாத்துட்டுப் போயிட்டான். தடத்துல எதுக்க வந்தாக்கூட இவரு செவுத்தைப் பாத்துட்டுப் போவாரு. தீவாளிக்கு அவன் ஒரு வேட்டி கொண்டாந்து குடுத்தான். தொடலை. நான் வாங்கி பீரோவுல வெச்சேன். கடைசில அதைத்தான் மேல போத்தித் தூக்கிட்டுப் போனாங்க. சரி, அதைய உடுங்க.

என்னுங்க, போன்ல போட்டோவா?

தெரியுதுங்க. இதைத்தான் எல்லாருக்கும் காட்டிட்டிருக்காங்களே. பக்கத்து மெசின் பொட்டிக் கதவு. கறுப்பு மார்க்கர்ல, பீடர் லைன் எடுத்திருக்கு. ஆமாங்க, தமிழ்லதான் இருக்குது. எச்சரிக்கை எழுதி வெச்சும் கையை உட்டாரு, அதனால கவனக்குறைவு. ஓ, அப்படி வருதுங்களா உங்க கணக்கு.

உங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க? கோபியா? அப்பறமென்ன, நம்ம பேச்சுத்தான. நீங்களே சொல்லுங்க. லைன் எடுத்திருக்குன்னா என்ன அர்த்தம்?

இந்தப் பொட்டில இருந்து பீடருக்கு லைன் போகுது, அதான? சரிங்க. இப்ப நான் கேக்கறேன். கல்யாணத்துக்குச் சேலை எடுத்தாச்சுன்னா வாங்கியாச்சுன்னு அர்த்தம். பல்லு எடுத்தாச்சுன்னா? கொழாய் லைன் எடுத்திருக்கோம்னா ஊட்டுல தண்ணி வருதுன்னு அர்த்தம். பந்தலை எடுத்தாச்சுன்னா? பிரிச்சுக் கொண்டு போயாச்சுன்னு அர்த்தம். அப்ப லைன் எடுத்திருக்குன்னா லைனைக் கழட்டியாச்சுன்னும் படிக்கலாமா இல்லையா?

பாத்தீங்களா, உங்க மொகமே மாறிப்போச்சு. நீங்க ஒரு பக்கம் படிச்சீங்க, அவரு இன்னொரு பக்கம் படிச்சாரு. ஒரு ஞாயித்துக்கெழமை மில்லு லீவுல கான்ட்ராக்டர் எலெக்ட்ரீசியனைத் தாட்டி உட்டிருக்கான். வந்தவன் தரையில கெடந்த ஒயரைச் சுருட்டிப்போட்டு, செவுத்தோரமா பைப்புக்குள்ள புதுசா இழுத்து, அதே பக்கத்துப் பொட்டிலயே குடுத்துட்டுப் போயிட்டான். திங்கக்கெழமை இவரு வேலைக்குப் போயிப் பாத்தா ஒயரைக் காணோம். பொட்டில இந்த எழுத்து. மனுசன் என்னுங்க நெனப்பாரு? நீங்களா இருந்தா என்ன நெனச்சிருப்பீங்க?

எனக்கு எப்படித் தெரியும்ங்கறீங்களா? எங்கிட்டச் சொன்னாருங்க. அன்னைக்குப் பொழுதோட வந்து, காலைக் கழுவிட்டு, டீயைக் கையில வாங்கிட்டே சொன்னாரு. அந்தச் சனியன் புடிச்ச ஒயரை எடுத்துப்போட்டாங்க புள்ளை, பொட்டில எழுதியே வெச்சிருக்குது, இனிச் சுத்திச் சுத்தி வர வேண்டியதில்லை, ஒரு சுவிட்ச் அணைச்சாப் போதும்னாரு. சிரிச்ச மொகமா இருந்தாரு. மக்யா நாளு, செவ்வாக்கெழமை, பஞ்சு சிக்கியிருக்குது. மெயினை அணைச்சாரு. மூடியைத் தொறந்தாரு. சிக்குன பஞ்சைப் புடுங்கப் புடுங்க, அந்தக் கண்ணுக்குப் பஞ்சு கொறைஞ்சு போச்சுன்னு தெரிஞ்சிருக்குது. அப்பறம் உங்க பைல்லயே இருக்குதே. ஆசுபத்திரில கட்டிக் குடுத்ததைப் பிரிக்க வேண்டாம்மான்னாங்க. நான் பிரிக்கலை.

எழுதறீங்களா? எழுதுங்க. அவரு படிச்சுத் தெரிஞ்சுதான் ஒரு சுவிட்சை அணைச்சாருன்னு எழுதுங்க. இப்ப கவனக்குறைவு இல்லைன்னு ஆகுதில்லீங்க?

ஆகுதுங்கறீங்க. அப்பாடா. அது போதுங்க எனக்கு. அதுக்குத்தான் இத்தனை பேச்சு.

என்னுங்க? எழுதுனவனைக் கூப்புட்டு விசாரிக்கோணுமா? அது எதுக்குங்க? நீ என்ன நெனச்சு எழுதுனேன்னு அவனைக் கேட்டு, காளிச்சாமி அதைய எப்படிப் படிச்சுட்டாருன்னு அவன்கிட்டயும் சொல்லி, ரெண்டையும் பைல்ல போட்டாத்தான் செல்லுமா? ஓஹோ. அவன் பேரும் வேணும்.

இல்லீங்க, எனக்குத் தெரியாதுங்க. கான்ட்ராக்டர் எத்தனையோ ஆளைத் தாட்டி உடறான், யாருன்னு கண்டோம்? கான்ட்ராக்டர் போனை எடுக்கறதில்லையா? எடுக்க மாட்டான். மில்லு ஆளுகளைக் கேட்டீங்களா? எல்லாரும் தெரியாதுங்கறாங்களா? அப்படித்தான் சொல்லுவாங்க. சொல்ல மாட்டாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. உடுங்க அம்மணி, அந்த ஆளை எதுக்கு நோண்டறீங்க?

அவன் மேல என்னுங்க தப்பு? அவனை எழுதச் சொன்னது ஆரு? ஒருத்தரும் சொல்லலை. சார், ஒயரு இனிமேல் கண்ணுக்குத் தெரியாது, தகட்டை மாத்தோணும், படத்தை மாத்தோணும், இல்லாட்டி பீடரும் அந்த மெயின்லயே அணையற மாதிரி பண்ணிக் குடுத்துடறேன்னு கிருபாசங்கர்கிட்டக் கேட்டிருக்கான். அதுக்கு மெசினை நிறுத்தோணுமேன்னதும், அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் நீ கெளம்புன்னுட்டாரு. சரி, படத்துல எழுதாட்டிப் போகுது, பொட்டிலயாவது எழுதி வெப்போம்னு பாக்கெட்ல இருந்த மார்க்கரை எடுத்து எழுதியிருக்கான். அதுக்கும் திட்டு. புதுப் பெயிண்டு மேல என்னடா கிறுக்கி வெச்சிருக்கே, தின்னர் போட்டுத் தொடைன்னாராம். இவன் சரிங்க சார்னு சொல்லிப்போட்டுத் தொடைக்காம வந்துட்டான். அன்னைக்கு அது கிறுக்கலு. ஆளு செத்த பொறவு அதுக்கு மேல கண்ணாடிப் பேப்பர் ஒட்டிப் பத்திரம் பண்ணி, நாங்க தமிழ்லயே எச்சரிக்கை வெச்சிருந்தோம்னு உங்களுக்குப் போட்டோ அனுப்பறாங்க. வெக்கங்கெட்ட பொழப்பு. அத்தனை பெரிய மில்லுல, அந்த மெசினை மாத்துனதைப் பத்தி ஒரு வரி எழுதி வெச்ச ஒரே ஆளு அவன்தானுங்க. இப்ப அவன் பேரைக் கேட்டுட்டு வந்திருக்கீங்க.

இதெல்லாம் எனக்கு ஆரு சொன்னதா?

சித்த இருங்க. தண்ணி குடிச்சுக்கறேன்.

பேனாவைக் கீழ வைங்க அம்மணி. இல்லீங்க, வெச்சாத்தான் சொல்லுவேன். அதைய மூடிக் கீழ வைங்க.

எங்க எழில்தானுங்க. அந்தக் கான்ட்ராக்டர்கிட்டத்தான் வேலைக்குப் போறான். மில்லுல எல்லாருக்கும் தெரியும், காளிச்சாமி பையன்னு. அதான் ஒருத்தரும் வாயத் தொறக்கலை. கிருபாசங்கருக்குத் தெரியாது. துக்கத்துக்கு வந்தப்ப மொட்டைத்தலையோட நின்னு மாலையைக் கையில வாங்குனதே அவன்தான், அந்த ஆளுக்கு அடையாளம் தெரியலை. கான்ட்ராக்ட் ஆளுக மொகத்தை என்னைக்கு நிமிந்து பாத்தாரு?

அவங்கப்பன் அந்த மெசின்லதான் நிக்கறாருன்னு அவனுக்குத் தெரியும். நேர்ல சொல்லலாம்னா பேச்சு வார்த்தை இல்லை. எழுதி வெச்சா எதையும் படிக்காம உடமாட்டாருன்னு தெரியும். அதனால அவருக்குன்னே எழுதி வெச்சானுங்க. ஊருக்கு எழுதலை, மில்லுக்கு எழுதலை. அப்பனுக்கு எழுதுனான்.

அன்னைக்கு டீயைக் கையில வெச்சுக்கிட்டுச் சொன்னாருன்னேன்ல, அதுல ஒண்ணை உட்டுப்போட்டேன். எழுத்து நம்ம எழில் எழுத்துதான் புள்ளை, எனக்குத் தெரியாதா, அவன் பாத்தானா வேலை சரியாத்தான் இருக்கும்னாரு. அவனுக்குக் கல்யாணம் ஆனதுக்குப் பொறவு அவன் பேரு அவரு வாயில அன்னைக்குத்தான் வந்துச்சு. ஞாயித்துக்கெழமை ரெண்டு பேத்தையும் வரச் சொல்லு, கறி எடுக்கலாம்னாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. வேற ஆரு எழுதியிருந்தாலும் ஒருக்காப் போயி அந்தப் பொட்டியைத் தொறந்து பாத்திருப்பாருங்க. சிலிண்டரைத் தொட்டுப் பாக்கற மனுசன். பையன் எழுதுனதுன்னுதான் பாக்கலை.

இது எழிலுக்குத் தெரியாதுங்க. அன்னாடும் வாரான், இந்த எடத்துலதான் உக்காந்துக்குவான். அத்தனை பெருசா எழுதி வெச்சனேம்மா, அப்பா பாக்கவே இல்லையாங்கறான். பாக்கலை சாமி, கண்ணாடி போடாமப் போயிட்டாருன்னு சொல்லி வெச்சிருக்கறேன். அப்பன் மேல கோவமா இருக்கான். எழுதி வெச்சும் பாக்காமப் போயிட்டாரே, எம்மேல இருந்த வீம்புலயே பாக்கலையோன்னு திட்டறான். திட்டட்டுங்க. கோவம் இருந்தா ஒருத்தன் சோறு திம்பான், வேலைக்குப் போவான். நேஹா முழுகாம இருக்குது, அதைய ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போவான். அவரு படிச்சாரு, உன்ற எழுத்துங்கறதுனாலயே நம்பிக் கையை உட்டாருன்னு அவன்கிட்டச் சொன்னா அவன் என்னுங்க ஆவான்? நீங்களே சொல்லுங்க. கேசுக்குப் பயந்து சொல்லலை அம்மணி. கேசு வந்தா வக்கீலைப் பாத்துக்கலாம். இதுக்கு எந்த வக்கீலைப் போயிப் பாக்கறது?

அதனால இப்ப எழுதுனீங்கல்ல, அந்தத் தாளைக் கிழிச்சு என்கிட்டக் குடுத்துருங்க. தகட்டை மாத்தலை, படத்தைத் திருத்தலை, ஆளைக் கூப்புட்டுச் சொல்லலைன்னு மில்லுக்காரங்க மேல எத்தனை வேணும்னாலும் எழுதுங்க, நல்லா எழுதுங்க. அவரு அந்த எழுத்தைப் படிச்சாருங்கறது மட்டும் எங்கயும் வரக்கூடாது. வரக்கூடாதுங்க.

தெரியுதுங்க. அப்ப மொதல்ல எழுதுனது அப்படியே நிக்கும். பாத்திருந்தாத் தப்பிச்சிருப்பாரு, பாக்கலை, அவரு மேலதான் தப்புன்னு ஆகும். ஆகட்டுங்க. வாழ்நாளு முச்சூடும் சுத்திச் சுத்தி வந்து பாத்த மனுசனுக்கு இப்படி ஒரு பேரு. பெத்தவன்தான, பையனுக்காகச் சொமக்கட்டும்.

குடுங்க பேனாவை. எங்க போடோணும், இங்கயா? சித்த இருங்க, நான் போடறதுக்கு முன்னாடி அந்தக் கவனக்குறைவுங்கறதைய இன்னுங்கொஞ்சம் பெருசா, தெளிவா எழுதிக் குடுங்க அம்மணி. பொழுதோட எழில் வருவான், படிக்கோணும்.